ரூல் தெரியும், காரணம் தெரியாது

ஏஐ மனுஷன் மாதிரியே யோசிக்குதானு யார் பேச்செடுத்தாலும் எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது மைசின் தான். 1970கள்ல ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டில எட்வர்ட் ஷார்ட்லிஃப் பண்ணது, ரத்தத்துல இன்ஃபெக்ஷன் ஆன பேஷண்ட்டுக்கு என்ன கிருமியா இருக்கும் எந்த ஆன்டிபயாடிக் எவ்ளோ டோஸ்னு சொல்ற ப்ரோக்ராம்.

அதோட அறிவு மொத்தமும் கிட்டத்தட்ட 600 ரூல்ஸ்ல இருந்துச்சு. உதாரணத்துக்கு ஒண்ணு: கிருமி கிராம் நெகட்டிவ் (சாயம் போட்டுப் பாக்குற டெஸ்ட்ல வர்ற ஒரு வகை), குச்சி வடிவம், ஆக்சிஜன் இல்லாம வளருது, அப்டின்னா அது பாக்டீராய்டஸ்ங்கற பாக்டீரியாவா இருக்கலாம், நம்பிக்கை 0.6. டாக்டருங்க 'அனேகமா இதுதான்'னு சொல்றத நம்பரா மாத்தி வெச்சிருந்தாங்க. டாக்டர்கிட்ட வரிசையா கேள்வி கேக்கும், நடுவுல அவர் 'ஒய்' (WHY, ஏன் கேக்குற)னு டைப் பண்ணா இந்த ரூலத்தான் பாத்துட்டிருக்கேன், இதெல்லாம் தெரிஞ்சிருச்சு, இன்னும் இது மட்டும் தெரியணும்னு காட்டிரும். எனக்கு அதுல ரொம்பப் பிடிச்சதே இதுதான். டெஸ்ட்ல நல்லா தேறியும் ஆஸ்பத்திரில நிஜ யூஸுக்கு அது வரவேயில்ல.

ஆனா ஒரு பெரிய ஓட்டை இருந்துச்சு. 8 வயசுக்குக் கீழ இருந்தா டெட்ராசைக்ளின்ங்கற ஆன்டிபயாடிக் குடுக்காதேனு ஒரு ரூல். ஏன்னு கேட்டா திரும்ப ரூலையே தான் காட்டும். அந்த மருந்து வளர்ற பல்லுல படிஞ்சு நிரந்தரமா கறையாக்கிரும்ங்கறது உள்ள எங்கயுமே கிடையாது! மைசின வெச்சு ஸ்டூடண்ட்ஸுக்கு சொல்லிக்குடுக்கப் பாத்த வில்லியம் கிளான்சி 1983ல இதப் பத்தி விரிவா எழுதினார். காரணம் தெரிஞ்ச டாக்டர், உயிருக்கே ஆபத்துன்னா பல்லு கறையானாலும் பரவால்லனு ரூல மீறுவார், ரூல் மட்டுமே தெரிஞ்ச மெஷினால அது முடியாது.

இப்ப இருக்குற சாட்பாட்கிட்ட அதையே கேளுங்க, பல்லு, கால்சியம், எலும்புனு அழகா விளக்கும். ஆனா அந்த விளக்கத்து வழியாதான் முடிவுக்கு வந்துச்சானு நமக்குத் தெரியாது. 2025ல ஆந்த்ரோபிக்ங்கற ஏஐ கம்பெனி ஆளுங்க அவங்களோட கிளாட்ங்கற ஏஐ மாடலுக்குள்ள பூந்து பாத்தாங்க, 36ஐயும் 59ஐயும் கூட்டச் சொன்னா ஒரு பாதை குத்துமதிப்பா எவ்ளோ வரும்னு பாக்குது, இன்னொரு பாதை கடைசி இலக்கத்த மட்டும் கரெக்டா புடிக்குது, ரெண்டும் சேந்து 95. எப்டி போட்டேனு அதுகிட்டயே கேட்டா ஆறும் ஒம்பதும் பதினஞ்சு, மீதி ஒண்ணுனு ஸ்கூல்ல சொல்லித்தர்ற வழிய சொல்லுது. கணக்குல இது பரவால்ல, விடை சரியா தப்பானு நாமளே போட்டுப் பாத்துக்கலாம், மருந்துச் சீட்டுல அப்டி விட எனக்கு மனசு வரல.