வயலினுக்கும் மூணு கொட்டேஷன்: எங்க யூனிவர்சிட்டியில ஒர்க்‌ஷாப் நடத்தின அனுபவம்

வேலூர் பக்கம் எங்க யூனிவர்சிட்டியில மியூசிக் டிபார்ட்மென்ட்னு ஒண்ணு இருக்கறதே உள்ள படிக்கற பசங்கள்ல பாதி பேருக்குத் தெரியாது. சென்னையில இருந்து வயலின் வாசிக்கற அண்ணன் தங்கச்சி ரெண்டு பேரைக் கூப்பிட்டு, பகல்ல கிளாஸ், சாயங்காலம் கச்சேரின்னு போன பிப்ரவரியில நடத்தினோம். கோஆர்டினேட்டர் நான்தான். எப்படி சார் பண்ணீங்கன்னு மத்த காலேஜ்ல இருந்து கேட்டுட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கா போன்ல சொல்றதுக்கு மொத்தமா எழுதிடறேன்.

முதல்ல தேதி. டிசம்பர்லயும் ஜனவரி பாதி வரைக்கும் சென்னை வித்வான்களைக் கிட்ட நெருங்க முடியாது, மார்கழி கச்சேரி சீசன்ல சபா சபாவா ஓடிட்டு இருப்பாங்க. மார்ச் வந்தா நம்ம ஊர் வெயில் ஆரம்பிச்சிடும், பசங்களுக்குப் பரீட்சை, அக்கவுண்ட்ஸ்ல வேற வருஷக் கணக்கு முடிக்கறோம்னு ஒரு பில்லையும் தொட மாட்டாங்க. ஆக பிப்ரவரியை விட்டா வேற வழி இல்ல, அதுக்கு அக்டோபர்லயே லெட்டர் போட்டாகணும்.

லெட்டர் போட்டதும் ஃபைல் பர்ச்சேஸ் செக்‌ஷனுக்கு, அதாவது சாமான் வாங்கற பிரிவுக்குப் போச்சு. அங்க இருந்து நோட் வருது, "இதே சேவைக்கு வேறு மூன்று கொட்டேஷன் இணைக்கவும்". வயலின் வித்வானுக்கு மூணு கொட்டேஷன்! கல்யாணி ராகம் யார்கிட்ட கம்மி ரேட்டுன்னு விசாரிச்சு எழுதணுமாம். ரெண்டு நாள் சிரிச்சோம், அப்புறம் சிரிப்பு வரல, ஏன்னா ஃபைல் அங்கயே உக்காந்துடுச்சு. கடைசியில பழைய கிளார்க் ஒருத்தர்தான் வழி சொன்னாரு: "இதைக் கச்சேரின்னு எழுதாதீங்க சார், ஒர்க்‌ஷாப்னு எழுதி இவங்களை ரிசோர்ஸ் பர்சன்னு போடுங்க, கச்சேரி அதுல ஒரு பகுதின்னு காட்டுங்க." ரிசோர்ஸ் பர்சன்னா வந்து சொல்லித் தர்றவங்க, அவங்களுக்கு கொட்டேஷன் வேணாம், ஹானரேரியம் (மதிப்பூதியம்) தனிக் கணக்குத் தலைப்புல வரும். அதோட ஃபைல் நகர ஆரம்பிச்சிடுச்சு. இதுல இன்னொரு லாபம், பேப்பர்லயே கிளாஸ்தான் பெரிசு, கச்சேரி பின்னாடின்னு ஆயிடுச்சு. எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. நல்ல கச்சேரி கேக்கணும்னா சென்னைக்கு பஸ் ஏறிப் போயிடலாம், ஆனா அந்தக் கை பக்கத்துல உக்காந்து நம்ம விரலைப் பிடிச்சு வைக்கறது டிக்கெட் வாங்கினா கிடைக்காதே.

பணம் பத்தி ஒண்ணு. வெண்டர் ஃபார்ம்னு ஒண்ணு அனுப்பி ஜிஎஸ்டி நம்பர், கம்பெனி சீல் எல்லாம் கேப்பாங்க. கலைஞர்கிட்ட ஏது சீல்? ஜிஎஸ்டி இல்லைன்னு அவங்களே கையெழுத்து போட்ட ஒரு லெட்டர், பான் கார்டு காப்பி, கேன்சல்டு செக், இந்த மூணையும் முன்னாடியே வாங்கி வச்சுக்கோங்க. தொகை லிமிட்டைத் தாண்டினா பத்து பர்சென்ட் டிடிஎஸ் (வருமான வரி) பிடிப்பாங்க, அதைப் பேசும்போதே சொல்லிடணும். கையில வர்ற தொகை குறைஞ்சு இருந்தா அவங்க நம்மளைத்தான் நினைப்பாங்க.

வந்த அன்னைக்கு பிருந்தாவன் எக்ஸ்பிரஸ்ல காட்பாடி வந்து இறங்கினாங்க, காலையில அதுதான் வசதி. வண்டி அனுப்பும்போது கிரீன் சர்க்கிள் டிராஃபிக்கை மனசுல வச்சு நேரம் சொல்லுங்க. மிருதங்கம் ராணிப்பேட்டை ஆளு, பைக்லயே வந்துட்டாரு.

இப்ப கிளாஸ். எங்க பசங்க ரெண்டு ஜாதி. ஒண்ணு வீட்டுப் பக்கம் டீச்சர்கிட்ட சரளி வரிசை, வர்ணம்னு கர்நாடக சங்கீதம் கத்துக்கிட்டு வந்தவங்க. இன்னொண்ணு சர்ச் கொயர்ல (பாட்டுக் குழுவுல) வாசிக்கறவங்க, வேலூர்ல இவங்க ஜாஸ்தி, நோட்டேஷனை வச்சா தடதடன்னு வாசிப்பாங்க, லண்டன் டிரினிட்டி காலேஜோட மேற்கத்திய இசை கிரேடு பரீட்சை எழுதினவங்களும் உண்டு. இவங்க ரெண்டு கூட்டத்தையும் ஒரே ரூம்ல உக்கார வச்சா என்ன ஆகும்னு எனக்கு உள்ளுக்குள்ள உதறல்தான், ஆளுக்கு ஒரு சுருதி, நின்னுட்டு வாசிக்கறவன் ஒருத்தன் உக்காந்து வாசிக்கறவ ஒருத்தி.

அந்த மேடம், அதான் தங்கச்சி, வந்து உக்காந்ததும் பாட்டு எதுவும் எடுக்கல. கொயர் பசங்களைப் பார்த்து, "கண்ணா, உங்க நாலு தந்தி ஜி, டி, ஏ, இ தானே? ஏ-யை ஜி-க்கு இறக்கு, இ-யை டி-க்கு இறக்கு, கீழ ரெண்டைத் தொடாத"ன்னாங்க. அவ்வளவுதான், ஜி-டி-ஜி-டி, ச-ப-ச-ப ஆயிடுச்சு, அஞ்சு கட்டை சுருதி, அதாவது ஜி-யே ச. கர்நாடக சங்கீத பசங்களையும் அஞ்சு கட்டைக்குக் கொண்டு வந்துட்டாங்க. ரூம் முழுக்க ஒரே சுருதி நின்னப்ப அந்தப் பசங்க மூஞ்சியைப் பாக்கணுமே.

ஆனா அதுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல போச்சு. ஏசி ரூம், காய்ஞ்ச காத்து, மரம் சுருங்கி, தந்தி முறுக்கற பிருடை நிக்கவே மாட்டேங்குது, திருப்பி வச்சா வழுக்கி கழண்டுக்குது. சார், அதான் அண்ணன், போர்டு பக்கத்துல இருந்த சாக்பீஸை எடுத்து ஒவ்வொரு பிருடையையும் உருவி அதுல தேய்ச்சுத் திருப்பி அமுக்கி வச்சாரு, நின்னுச்சு. ஒரு பொண்ணோட வயலின்ல தந்தியைத் தாங்கற குதிரை முன்னாடி சாஞ்சு இருந்தது, ரெண்டு கட்டை விரலையும் வச்சு மெதுவா நிமிர்த்திட்டு, "இது சாஞ்சு சாஞ்சு ஒரு நாள் விழும்மா, தந்தி முறுக்கும்போதெல்லாம் இதையும் பாரு"ன்னாரு. அந்த வயலின் அந்தப் பொண்ணுகிட்ட வருஷக்கணக்கா இருக்கு, ஒருத்தரும் சொன்னதில்ல.

அப்புறம் ஒரு கொயர் பையனை மேஜர் ஸ்கேல் வாசிக்கச் சொன்னாங்க, சுத்தமா வாசிச்சான். "இதேதான் சங்கராபரணம்"னு சொல்லி மேடம் வாசிச்சாங்க. ஸ்வரம் அதே ஏழுதான், ஆனா மத்யமம், அதாவது 'ம', ஒரு இடத்துல நிக்காம அசையுது. பையன் ட்ரை பண்றான், விரல் போகல. ஏன் போகலைன்னு அவங்க காட்டினதுதான் அன்னைக்கு எனக்குப் பிடிச்சது. நின்னு வாசிக்கும்போது இடது கையும் கொஞ்சம் வயலினைத் தாங்குது, தாங்கற கை இழையாது. கீழ உக்காந்து வயலின் தலையை வலது கணுக்கால்ல சாய்ச்சுட்டா தாங்கற வேலை காலுக்குப் போயிடும், கை மேலயும் கீழயும் இஷ்டத்துக்கு வழுக்கிட்டுப் போகும். அதான் நம்மாளுங்க உக்காந்து வாசிக்கறது. டைட் ஜீன்ஸ் போட்டு வந்தவன் சம்மணம் போட முடியாம பட்ட பாடு தனிக்கதை.

இது நம்ம வாத்தியமே இல்லையே சார்னு யாரோ கேட்டதுக்கு, முத்துசாமி தீட்சிதரோட தம்பி பாலுசாமி தீட்சிதர் மெட்ராஸ்ல வெள்ளைக்காரர்கிட்ட கத்துக்கிட்டதையும், தஞ்சை நால்வர்ல வடிவேலுவுக்கு சுவாதித் திருநாள் மகாராஜா 1834-ல தந்தத்துல செஞ்ச வயலின் கொடுத்ததையும் சார் சொன்னாரு. கொயர் பசங்க நிமிர்ந்து உக்காந்தாங்க.

மத்தியானம் சாப்பாட்டுல இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் எண்ணெய்க் குழம்பு. மேடம் ரெண்டாவது தடவை வாங்கிக்கிட்டாங்க, எங்க மெஸ் மேல எனக்கே மரியாதை வந்துடுச்சு.

கச்சேரியில தொல்லை சவுண்டுதான். எங்க ஆடிட்டோரியத்துக்கு வர்ற சவுண்டு சர்வீஸ் அண்ணன் மெல்லிசையும் கட்சி மீட்டிங்கும் பண்ணிப் பழகினவரு, "இன்னா சார், பேஸ் கொஞ்சம் ஏத்தவா, எக்கோ வுடவா"ன்னு கேட்டுட்டே இருந்தாரு. எக்கோவே வேணாம்ணா, பேஸைக் குறைங்க, மேடையில மானிட்டர் ஸ்பீக்கரை மட்டும் அவங்களுக்குக் கேக்கற மாதிரி வைங்கன்னு வித்வானே பக்கத்துல நின்னு செட் பண்ணாரு. சவுண்ட் செக்குக்குக் குறைஞ்சது ஒரு மணி நேரம் எழுதி வாங்கிடுங்க. மேடைக்கு நேர் மேல இருந்த ஏசி வெண்டையும் மூட வச்சோம், இல்லன்னா சுருதி நிக்காது, மிருதங்கத்தோட சுருதியும் மாறிடும்.

அடுத்தது காலேஜ் பஸ். குடியாத்தம், ஆரணி, வாலாஜா பசங்க எல்லாம் பஸ்ஸை விட்டா வீடு போய்ச் சேர ராத்திரி ஆயிடும், மிருதங்கம் மட்டும் வாசிக்கற தனி ஆவர்த்தனம் ஆரம்பிக்கறப்ப ஹால்ல பாதி எழுந்து போகும். அதனால நாலரைக்கே ஆரம்பிச்சு, டிரான்ஸ்போர்ட்ல பேசி பஸ்ஸை ஏழு மணி வரைக்கும் நிறுத்தி வச்சோம். பெரியவங்க ஸ்பீச்சை எல்லாம் காலையில துவக்க விழாவோட முடிச்சுட்டோம், சாயங்காலம் சால்வை மட்டும்தான், அதுவும் கச்சேரி முடிஞ்சு. இதுல சில பேருக்கு என் மேல வருத்தம், இருக்கட்டும்.

பணம் ஏப்ரல்லதான் அக்கவுண்ட்ல ஏறுச்சு, நான் நாலு தடவை சாரி கேட்டேன், அவங்க ஒரு வார்த்தை கேக்கல. கொயர் பசங்கள்ல ரெண்டு பேர் இப்ப மேடம்கிட்ட ஆன்லைன்ல கத்துக்கறாங்க, ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு மட்டும் தந்தியை மறுபடி ஏத்திக்கறாங்க. இப்படி ஏத்தி இறக்கினா மேல் தந்தி சீக்கிரம் அறுந்துடும், ஒர்க்‌ஷாப் பட்ஜெட்லயே ஸ்பேர் தந்திக்கும் கொஞ்சம் எழுதிடுங்க.