மூன்றுக்கு மூன்று இதழ், நான்குக்கு ஏன் எட்டு?

ஒரு வாரமாக மாலையில் டெஸ்மாஸ் என்ற இணைய வரைபடக் கருவியைத் திறந்து துருவச் சமன்பாடுகளை வரைந்து பார்க்கிறேன். எந்தக் கோணத்தில் (தீட்டா), மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் (ஆர்) புள்ளி இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும். கோடு தானாக வளைகிறது.

முதல் நாள் ஆர் = காஸ் 3 தீட்டா என்று கொடுத்து, தீட்டாவுக்கு 0 முதல் 2 பை வரை எல்லை வைத்தேன். எதிர்பார்த்த பூ வடிவம் வரவில்லை. வலது பக்கம் சின்னக் கீற்று ஒன்றுதான் தெரிந்தது. அமைப்பைத் திறந்தால் கோணம் டிகிரியில் இருந்தது. நான் கொடுத்த 2 பை வெறும் 6.28 டிகிரி ஆகிவிட்டது. ரேடியனுக்கு (அந்த அளவில் 2 பை என்றால் ஒரு முழுச் சுற்று) மாற்றியதும் மூன்று இதழ்களும் விரிந்தன. 18-ம் நூற்றாண்டிலேயே இத்தாலியக் கணிதர் குய்தோ கிராண்டி ஆராய்ந்த ரோஜா வளைவுகள் இவை.

அப்புறம் 3-ஐ 4 ஆக்கினேன். எட்டு இதழ்! 5-க்கு ஐந்து, 6-க்குப் பன்னிரண்டு. ஒற்றைப்படைக்கு அதே எண்ணிக்கை, இரட்டைப்படைக்கு இரு மடங்கு என்று படித்திருக்கிறேன், ஆனால் ஏன் என்று புரிந்ததில்லை. எல்லையில் 2 பைக்குப் பதிலாக ஓர் எழுத்தைப் போட்டு, அதை ஸ்லைடராக்கி மெல்ல நகர்த்தினேன்.

ஆர் குறை எண்ணாகும்போது புள்ளி நேர் எதிர்த்திசையில் போய் விழுகிறது. எல்லாம் அதில்தான் இருக்கிறது. 3-ஐப் போட்டபோது பை வரை வந்ததுமே பூ முடிந்துவிட்டது. மீதி அரைச் சுற்று வரைந்த கோட்டின் மேலேயே ஓடியது. 4-ல் அந்தக் குறை எண் இதழ்கள் காலி இடங்களில் விழுகின்றன. சரிதானா என்று பார்க்க, காஸ் 3 தீட்டாவுக்கு மட்டு மதிப்பு (குறைக் குறியை நீக்கிய அளவு) போட்டேன். குறை எண்ணே இல்லாததால் ஆறு இதழ் வந்தது. அந்த நிமிடம் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நேற்று பின்னத்துக்குப் போனேன். 5/2 கொடுத்தால் 2 பை எல்லைக்குள் வளைவு மூடவில்லை: வலது கோடியில் தொடங்கி இடது கோடியில் நின்றுவிட்டது. 4 பை வரை நீட்டியதும் ஒன்றன்மேல் ஒன்று படர்ந்த பத்து இதழ்கள். இரண்டின் வர்க்கமூலத்தைக் கொடுத்தால் எவ்வளவு நீட்டினாலும் மூடாது, உள்ளே அடர்ந்துகொண்டே போகும். இதுவரை வரைந்ததில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

அடுத்து ஆர் = 1 + ஏ காஸ் தீட்டா. ஏ 1-ஐத் தாண்டும்போது இதய வடிவத்துக்குள் ஒரு சிறு வளையம் பிறக்கும். அதை ஸ்லைடரில் மெதுவாக நகர்த்திப் பார்க்க வேண்டும்.