ரெண்டு பெக் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்

நான் டாக்டரிடம் போனது பிரஷருக்காக, குடிக்காக இல்லை. இரண்டு மாத்திரை போட்டும் 156/98-ஐ விட்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு தட்டிவிடும், அப்புறம் தூக்கம் கிடையாது. நெஞ்செரிச்சல் வேறு. மூன்றுக்கும் மூன்று மாத்திரை எழுதித் தருவார், வாங்கிக்கொண்டு கிளம்பலாம் என்ற நினைப்பில்தான் உட்கார்ந்தேன்.

"குடிப்பீங்களா?" என்றார்.

"எப்பவாவது டாக்டர்."

வருஷக்கணக்காக எல்லா டாக்டர்களிடமும் சொல்லிவந்த பதில். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. அவர்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. இவர் மட்டும் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "பிரஷர் இருக்கிற எல்லார்கிட்டயும் இதைக் கேட்கிறேன். வெளிய உட்கார்ந்து நிரப்பிட்டு வாங்க."

அந்த 'எல்லார்கிட்டயும்' இல்லாமல் போயிருந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்து போயிருப்பேன்.

'ஆடிட்' என்று அந்தத் தாளுக்குப் பெயர். சாதாரண வியாதிக்கு வருகிறவர்களிடம் கேட்பதற்காகவே உலக சுகாதார நிறுவனம் உருவாக்கியது. பத்துக் கேள்வி, அதிகபட்சம் 40 மதிப்பெண். 8-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டிய குடி. வாரத்தில் எத்தனை நாள்? ஐந்து. அதற்கு 4. ஒரு நாளில் எத்தனை? இரண்டு. அதற்கு 0. ஒரே அமர்வில் ஆறோ அதற்கு மேலோ? ஒருபோதும் இல்லை, அதற்கும் 0. இந்த இரண்டு சைபரையும் பார்த்து எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

ஏழாவது கேள்வியில் பேனா நின்றது. குடித்த பிறகு குற்ற உணர்வு வந்ததுண்டா என்பது கேள்வி. வாயால் கேட்டிருந்தால் சிரித்து மழுப்பியிருப்பேன். தாளிடம் மழுப்ப முடியவில்லை. கடைசிக் கேள்வி: வீட்டாரோ நண்பரோ டாக்டரோ உங்கள் குடியைப் பற்றிக் கவலைப்பட்டதுண்டா, குறைக்கச் சொன்னதுண்டா? முதல் எட்டுக் கேள்விகளுக்கு 1, 2, 3 என்று படிப்படியாக ஏறும் விடைகள் இருந்தன. இதற்கு மூன்றே விடை: இல்லை என்றால் 0, முன்பு எப்போதோ என்றால் 2, கடந்த ஓராண்டுக்குள் என்றால் 4. மனைவி போன வாரம்கூடச் சொல்லியிருந்தாள். 4 போட்டேன். கூட்டினால் 12.

டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "ரெண்டுன்னா எவ்வளவு?" என்றார்.

"ரெண்டு பெக் டாக்டர்."

"அளந்தா ஊத்துவீங்க?"

"கண்ணளவுதான்."

"இன்னிக்கு அதே கிளாஸ்ல, அதே கண்ணளவுக்குத் தண்ணி ஊத்துங்க. இருமல் மருந்துக்கு வர்ற அளவு மூடியால அளந்து பாருங்க. நாளைக்கு டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்க வரும்போது சொல்லுங்க."

அளந்தேன். மூடி 10 மில்லி. ஒரு பெக்குக்கு ஒன்பது மூடி. நம்பாமல் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினேன், மறுபடியும் ஒன்பது. அந்தத் தாளில் 'ஒன்று' என்றால் சுமார் 10 கிராம் சுத்த ஆல்கஹால். 42 சதவீதச் சரக்கில் அது 30 மில்லியிலேயே வந்துவிடும். ஆக, என் இரண்டு பெக் உண்மையில் ஆறு. இரண்டாம் கேள்வியின் சைபர் 2 ஆனது, மூன்றாவதின் சைபர் ஒரேயடியாக 4 ஆனது. 12 என்பது 18.

மறுநாள் பத்து நிமிஷம் பேசினார். குடும்பம், குழந்தைகள் என்று எதையும் இழுக்கவில்லை. குடிப்பதில் எனக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டார். தூக்கம் என்றேன். "வர வைக்கிறதும் அதுதான், மூணு மணிக்குக் கலைக்கிறதும் அதுதான்" என்றார். சரக்கு உடம்பை விட்டு இறங்க இறங்கப் பின்னிரவுத் தூக்கம் உடைந்துபோகுமாம். பிரஷர் மாத்திரையோடு மல்லுக்கு நிற்பதும் அதுவாகத்தான் இருக்கும் என்றார். கல்லீரல் கெடும் என்று ஆயிரம் முறை கேட்டு மரத்துப்போன எனக்கு, இந்த மூன்று மணிக் கணக்குதான் உறைத்தது.

ஆத்திரத்தில், "இன்னியோட நிறுத்திடறேன் டாக்டர்" என்றேன். உடனே அவர் சில கேள்விகள் கேட்டார். காலையில் கை நடுங்குமா, வேர்க்குமா, குடிக்காத நாளில் படபடப்பு வருமா, எப்போதாவது வலிப்பு வந்ததா? எதுவும் இல்லை. இருந்திருந்தால் வீட்டில் தனியாக நிறுத்தவே கூடாது என்றார். உடம்பு அதற்கே பழகியவர்களுக்குக் கடைசிக் குடிக்குப் பின் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் நினைவு தடுமாறி, இல்லாதது கண்ணுக்குத் தெரியும் நிலைகூட வரும், உயிருக்கே ஆபத்து. அவர்களுக்கு மருந்து கொடுத்து, தயமின் என்கிற வைட்டமின் பி1 ஏற்றி, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டுதான் நிறுத்த வேண்டுமாம். 'மனசு வைத்தால் நாளையே நிறுத்தலாம்' என்று நானே ஒரு நண்பனிடம் வீறாப்பாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது.

ரத்தப் பரிசோதனையில் ஜி.ஜி.டி. 118. குடி கூடினால் ஏறும் கல்லீரல் நொதி அது; இருக்க வேண்டியதைவிட அதிகம். எனக்குச் சொன்ன வழி எளிமையானது: மூடியால் அளந்து ஊற்று, குடிக்கும் முன் நோட்டில் எழுது, வாரத்தில் நாலு நாள் தொடாதே, பாட்டிலை வீட்டில் வைக்காதே. வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்சோன் போன்ற மாத்திரைகள் உண்டு, தேவைப்பட்டால் பார்க்கலாம் என்றார். தேவைப்படவில்லை.

முதல் இரண்டு வாரம் தூக்கம் இன்னும் மோசமானது. அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்று இன்னமும் எனக்குக் குறை உண்டு. நோட்டில் இரண்டு நாள் பொய் எழுதினேன், பிறகு அடித்துத் திருத்தினேன். இரண்டாம் மாதக் கடைசியில் பிரஷர் 136/86, ஜி.ஜி.டி. 57. ஒரு மாத்திரை குறைந்தது. எட்டாம் மாதம் ஒரு விருந்தில் பழைய கண்ணளவுக்கே போய்விட்டேன். நோட்டில் அந்தப் பக்கமும் இருக்கிறது.

வருஷம் முடிந்ததும் அதே தாளை மறுபடி கொடுத்தார். இம்முறை மனைவியும் கூட வந்திருந்தாள். மாதத்தில் மூன்று நாள், 2. ஒரு நாளைக்கு இரண்டு, அளந்த இரண்டு, 0. அந்த விருந்துக்காக மூன்றாவதில் 1, குற்ற உணர்வுக்கு 1. பத்தாவதில் 2 போடப் போனேன். எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள், "விருந்துக்கு மறுநாள் நான் சொன்னது மறந்துபோச்சா? நாலு போடுங்க" என்றாள்.

போட்டேன். மொத்தம் 8.