ஜெர்மன் நாவல்களைக் கணினியில் எண்ணப் போகிறவர்களுக்கு

முதுகலை ஆய்வுக்காக 18, 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் நாவல்களைக் கணினியில் ஒப்பிட்டேன். இதே ஆய்வில் இறங்க நினைப்பவர்கள் முதலில் என்னிடம் கேட்பது, எந்த மென்பொருள் படிக்க வேண்டும் என்றுதான். ‘ஆர்’ (R) என்ற நிரல்மொழியில் ‘ஸ்டைலோ’ என்ற கருவி இருக்கிறது, ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். என்னை மாதக்கணக்கில் உட்கார வைத்தது எழுத்துக்கூட்டல்.

அடிக்கடி வரும் சிறு சொற்களை எண்ணி, எந்த நூல் எதற்கு நெருக்கம் என்று ஸ்டைலோ கிளைப்படம் வரைந்து தரும். அந்த நெருக்கத்தை அளக்க ஜான் பர்ரோஸ் என்ற ஆய்வாளர் 2002இல் முன்வைத்த டெல்டா அளவைதான் அடிப்படை. என் முதல் படம் இரண்டு கிளைகளாக அழகாகப் பிரிந்தது. பழைய நடை, புதிய நடை என்று பத்துப் பக்கம் எழுதிவிட்டேன். பேராசிரியர் சொற்பட்டியலைக் கேட்டார். அதில் ‘இரு’ என்று பொருள்படும் ‘ஸைன்’ இரண்டு சொற்களாக நின்றது. அந்தக் காலத்தில் அதை ‘ஒய்’ (y) எழுத்து போட்டு எழுதினார்கள், இன்று ‘ஐ’ (i) போடுகிறார்கள். பாதி நூல்களை மூலப் பதிப்பிலிருந்தும் மீதியை எழுத்துக்கூட்டல் திருத்திய பதிப்பிலிருந்தும் எடுத்திருந்தேன். கணினி பதிப்புகளைத்தான் பிரித்துக் காட்டியிருந்தது.

அதனால் முடிந்தவரை ஒரே இடத்திலிருந்து எடுங்கள். பெர்லின்-பிராண்டன்பர்க் அறிவியல் அகாதமியின் ‘டாய்ச்சஸ் டெக்ஸ்ட்ஆர்ஹிவ்’ என்ற இணையக் காப்பகம் சுமார் 1600 முதல் 1900 வரையிலான நூல்களைப் பெரும்பாலும் முதற்பதிப்பைப் பார்த்தே எழுத்தாக்கி, இலவசமாகத் தருகிறது. இன்றைய எழுத்துக்கூட்டலுக்கு மாற்றும் வசதியும் உண்டு. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடாதீர்கள். ‘ஒய்’ போட்டால் வினை, ‘ஐ’ போட்டால் ‘அவனுடைய’ என்று 18ஆம் நூற்றாண்டில் பலர் பிரித்து எழுதினார்கள். நவீனமாக்கியதும் அந்த வேறுபாடு போய்விடும். அவ்வளவு அக்கறையாக எழுதி வைத்ததை நாம் அழிப்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. இரண்டு வடிவங்களையும் சேமித்து வையுங்கள்.

ஸ்கேன் செய்த பக்கம் மட்டும்தான் கிடைக்கிறது என்றால், முதலில் அந்தக் கால ஜெர்மன் அச்செழுத்தான ஃபிராக்டூரைக் கண்ணால் படித்துப் பழகுங்கள். அதில் நீள ‘எஸ்’ பார்க்க ‘எஃப்’ மாதிரியே இருக்கும். கணினி ‘ஸைன்’ என்பதை ‘ஃபைன்’ என்று படித்துவிடும். ‘நேர்த்தியான’ என்று பொருள் தரும் நல்ல சொல் அது, எந்தப் பிழைதிருத்தியும் பிடிக்காது. தினம் பத்துப் பக்கம், இரண்டு வாரம் போதும்.

அப்புறம் ஆண்டு. கோதேயின் ‘வெர்தர்’ நாவல் 1774இல் வந்தது. 1787இல் அவரே அதைத் திருத்தி வெளியிட்டார். அட்டவணையில் 1774 என்று போட்டுவிட்டு 1787இன் பாடத்தை எண்ணினால் பதின்மூன்று ஆண்டு பிசகுகிறது. அட்டவணையில் முதலில் வெளிவந்த ஆண்டுக்கு ஒரு நெடுவரிசை, நீங்கள் எடுத்த பதிப்பின் ஆண்டுக்கு இன்னொரு நெடுவரிசை என்று முதல் நாளே போட்டுவிடுங்கள்.