உப்புத் தண்ணீரில் பன்னிரண்டு தக்காளிச் செடிகள்

நான் இருக்கும் மலை ஊரான தாண்டிக்குடியில் உப்புத் தண்ணீர் கிடையாது. உப்பு இருப்பது மலையடிவாரத்தில், ஒட்டன்சத்திரம் பக்கம் என் தங்கையின் தோட்டத்தில். அவளுடைய ஆழ்துளைக் கிணற்று நீரில், உப்பின் அளவைக் காட்டும் இ.சி. மீட்டரை வைத்தால் 4 காட்டுகிறது. வேர்மண்ணில் 2.5 வரைதான் தக்காளி தாங்கும். அதற்குமேல் ஓர் அலகு ஏறினால் விளைச்சலில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போய்விடும். "அண்ணா, பூத்ததெல்லாம் கொட்டிப்போகிறது" என்று அவள் சொன்ன நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை.

தை மாதம் மழை படாத கொட்டகையில் பன்னிரண்டு பைகள் வைத்தேன். ரகம், மலைக்குக் கீழே பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1. நான்கு செடிகளுக்கு ஓடைத் தண்ணீர், நான்குக்கு உப்புத் தண்ணீர், மீதி நான்குக்கு உப்புத் தண்ணீருடன் சாலிசிலிக் அமிலத் தெளிப்பு. லிட்டருக்கு 2 கிராம் கல் உப்பு கரைத்தால் தங்கை வீட்டு அளவு வந்துவிடுகிறது. முதல் வாரம் பாதி உப்புதான் கொடுத்தேன். எடுத்த எடுப்பில் முழு உப்பைக் கொடுத்தால் நாற்று வாடிவிடும்.

சாலிசிலிக் அமிலம் செடி தானே சிறிதளவு சுரந்துகொள்ளும் பொருள். அதுவே வெளியிலிருந்தும் கிடைக்கும்போது, சோடியம் ஏறினாலும் பொட்டாசியத்தை இலை விட்டுவிடாமல் பிடித்துக்கொள்ள உதவுகிறது. 10 லிட்டருக்கு 0.7 கிராம் போதும்; நகை நிறுக்கும் தராசில்தான் நிறுத்தேன். குளிர்ந்த நீரில் போட்டால் வெள்ளைப் பொடியாக மிதக்கும். கொஞ்சம் ஸ்பிரிட்டில் கரைத்துவிட்டுப் பிறகு நீரில் ஊற்ற வேண்டும். உப்பு கொடுப்பதற்கு மூன்று நாள் முன்பு முதல் தெளிப்பு, பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை, மாலையில்.

தனியாக இரண்டு செடிகளுக்கு, வளர்ச்சியைத் தூண்டும் ஜிப்ரெலிக் அமிலமும் அடித்துப் பார்த்தேன். தண்டு நூலாக நீண்டு காற்றில் சாய்ந்தது. அதோடு விட்டுவிட்டேன்.

நாற்பதாம் நாள் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தெளிக்காத செடியில் அடி இலைகளின் ஓரம் காகிதம் கருகியதுபோலச் சுருண்டு, விரல் பட்டதும் நொறுங்கியது. தெளித்த செடியில் நுனி மட்டும் மஞ்சளித்திருந்தது. இரண்டாவது பூங்கொத்தில் ஐந்து பூக்கள் அப்படியே நின்றன. பறித்து முடித்தபோது செடிக்குச் சராசரியாக ஓடைத் தண்ணீரில் 31 பழம், வெறும் உப்பில் 14, தெளித்ததில் 21. உப்பில் வளர்ந்த பழங்கள் சிறியவை, ஆனால் இனிப்பு கூடுதல். பழத்தின் அடி கறுத்து அழுகுவதை மட்டும் இந்தத் தெளிப்பு தடுக்கவில்லை. உப்பு சுண்ணாம்புச் சத்தை ஏறவிடாமல் செய்வதால் வருவது அது. அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

தெளித்ததால் மண்ணில் உப்பு குறைந்துவிடுவதில்லை. மூன்றாம் வாரமே பையின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்தது. அதன் பிறகு வாரம் ஒருமுறை அடியில் வடிந்து ஓடும் அளவு தண்ணீர் விட்டேன், உப்பிட்ட பைகளுக்கு அதே உப்புத் தண்ணீரைத்தான். தேங்கியிருந்தது கரைந்து வெளியேறியது. இதைச் செய்யாமல் மருந்தை மட்டும் நம்பினால் பலன் இருக்காது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தங்கை வீட்டுக்காரர், "மச்சான், உங்கள் பனியில் நின்ற செடி எங்கள் வெயிலில் நிற்குமா?" என்றார். நியாயமான கேள்வி. கீழே நீர் வேகமாக ஆவியாகும், உப்பும் வேகமாகச் சேரும். அறுபது நாற்றுகள் தட்டில் வளர்கின்றன. முப்பதுக்கு முதல் தெளிப்பு நேற்று மாலை முடிந்தது. சனிக்கிழமை வத்தலகுண்டு பஸ்ஸில் எல்லாவற்றையும் கீழே கொண்டுபோகிறேன்.