பெரணி வித்து வளர்ப்பு: பதினான்காவது வாரம்

அடியாண்டம் கேப்பிலஸ் வெனெரிஸ் என்னும் பெரணியின் (ஃபெர்ன்) வித்துகளை, அதாவது விதையல்லாத ஒற்றைச் செல் ஸ்போர்களை, இரண்டாம் முறையாக விதைத்துப் பதினான்கு வாரங்கள் ஆகின்றன. மண்ணில் கொதிநீர் ஊற்றி ஆறவிடாமல் அவசரப்பட்டு விதைத்த முதல் பெட்டி, பூஞ்சைக்கு இரையாகிவிட்டது.

இந்தப் பெரணியின் இலையோரம் பின்புறமாக மடிந்திருக்கும். வித்துப்பைகள் அந்த மடிப்பின் அடியில் இருக்கும். முற்றிய இலையைக் காகித உறையில் இரண்டு நாள் வைத்திருந்தபோது, மூக்குப்பொடி போன்ற பழுப்புத் தூள் உதிர்ந்தது. ஒரு பையிலுள்ள 16 தாய்செல்கள், குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் குன்றல் பகுப்படைந்து 64 வித்துகளாகின்றன. 60 குரோமோசோம்கள் கொண்ட இரட்டைமய (இரண்டு தொகுதி) செடியிலிருந்து 30 குரோமோசோம்கள் மட்டுமே கொண்ட ஒற்றைமய (ஒரே தொகுதி) வித்துகள் உண்டாவது இங்கேதான். (அந்த அறுபதை நானே எண்ணிப் பார்க்கும் ஆசை உண்டு. ஓஃபியோகுளோசம் ரெட்டிகுலேட்டம் என்ற பெரணியில் ஏறத்தாழ 1260 குரோமோசோம்களை எண்ணியவர்களின் பொறுமை எனக்கு வாய்க்குமா என்பதுதான் ஐயம்.)

மூன்றாம் வாரத்தில் பச்சைப் படலமும், எட்டாம் வாரத்தில் சுண்டுவிரல் நகத்திலும் சிறிய இதய வடிவத் தட்டுகளும் தோன்றின. புரோதாலஸ் எனப்படும் இத்தட்டு, உடல் முழுவதும் ஒற்றைமயச் செல்களாலானது. ஒற்றைமயம் என்றாலே மகரந்தமும் முட்டையும் மட்டுமே நினைவுக்கு வரும்படி படித்த எனக்கு, அது தானே வேர்த்தூவி விட்டு, தானே உணவு தயாரித்து வாழ்வதைக் கண்டது பெருவியப்பாக இருந்தது. இது ஏற்கெனவே ஒற்றைமயமாக இருப்பதால், விந்தணுவையும் முட்டையையும் சாதாரணச் செல் பகுப்பாலேயே உருவாக்கிக்கொள்கிறது.

அதன்பின் மூன்று வாரங்கள் எந்த மாற்றமும் இல்லை. பூஞ்சைக்கு அஞ்சி, தட்டுகள் நனையாதபடி அடியிலிருந்து மட்டுமே நீர் ஊட்டியிருந்தேன். விந்தணு முட்டையை நீந்திச் சென்றடைய வேண்டும் என்பதை மறந்திருந்தேன். ஒரு தட்டைக் கண்ணாடி வில்லையில் ஒரு துளி நீரிலிட்டு நுண்ணோக்கியில் பார்த்தபோது, சுருள் வடிவ விந்தணுக்கள் சுழன்றபடி வெளிவந்தன. அன்றே காய்ச்சி ஆறிய நீரைப் பெட்டி முழுவதும் தெளித்தேன்.

இன்று காலை ஐந்து தட்டுகளின் பள்ளத்தருகே விசிறி போன்ற குட்டி இலை ஒவ்வொன்று நிமிர்ந்திருந்தது. விந்தணுவும் முட்டையும் இணைந்து உருவான இலையின் செல்லில் 60 குரோமோசோம்கள், அதைத் தாங்கும் தட்டின் செல்லில் 30. தட்டு வாடி, செடி சொந்த வேரில் நின்ற பிறகே தொட்டிக்கு மாற்றுவதாக இருக்கிறேன்.