முதலில் கேட்கச் சொன்னேன்

இறையியல் கல்லூரியில் ஆயர் ஊழியம் கற்பித்து வந்த என்னிடம் பல்சமய சமாதானப் பணி என்ற புதிய பாடத்தை ஒப்படைத்தார்கள். முதல் தடை பாடத்திட்டக் குழுவிலேயே வந்தது. "மாணவர்களின் விசுவாசம் தளர்ந்துவிடாதா?" என்று மூத்த பேராசிரியர் ஒருவர் கேட்டார். அதை நான் அற்பமாக எண்ணவில்லை. பிள்ளைகளை ஊழியத்துக்கு அனுப்பிவைத்த சபைகளின் கவலையும் அதுதான். 2011-ல் உலகத் திருச்சபைகள் மன்றம், வத்திக்கானின் பல்சமய உரையாடல் அவை, உலக இவாஞ்சலிக்கல் கூட்டமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து வெளியிட்ட ஆவணத்தை அவர் முன் வைத்தேன். கிறிஸ்துவுக்குச் சாட்சி பகரச் சொல்லும் அதே ஆவணம், பிற சமயத்தாரைப் பற்றிப் பொய்ச்சாட்சி சொல்லாதிருக்கவும் சொல்கிறது. இரண்டாம் கூட்டத்தில் ஒப்புதல் கிடைத்தது.

முதல் ஆண்டில் நான் வரலாறு நடத்தினேன். 1893-ல் சிகாகோவில் கூடிய சமயங்களின் பேரவை, 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கை, 2007-ல் 138 இஸ்லாமிய அறிஞர்கள் கிறிஸ்தவத் தலைவர்களுக்கு எழுதிய திறந்த மடல். தேர்வில் எல்லோரும் நன்றாக எழுதினார்கள். ஆனால் வேறு சமயத்தவர் ஒருவர் வகுப்புக்கு வந்தபோது, அவர் பேசி முடிப்பதற்குள் மூன்று பேர் பதில் சொல்லத் தொடங்கினார்கள். அருளுரைக்குப் பழகிய நாவுகள். தவறு என் பாடத்திட்டத்தில்தான் இருந்தது.

ஸ்டாக்ஹோம் ஆயராக இருந்த கிறிஸ்டர் ஸ்டெண்டால் பிற சமயங்களைப் புரிந்துகொள்ள வகுத்த விதிகளில் முதலாவது, ஒரு சமயத்தை அறிய அதைப் பின்பற்றுவோரிடம் கேள், அதன் பகைவரிடம் கேட்காதே என்பது. அதை எப்படிப் பயிற்சியாக்குவது? மருத்துவமனை ஆறுதல் பணியில், நோயாளியுடன் பேசியதைச் சொல்லுக்குச் சொல் எழுதிவரும் வழக்கம் எங்களிடம் ஏற்கெனவே இருந்தது. அதையே எடுத்துக்கொண்டேன். ஒரு மாற்றம் மட்டும் செய்தேன்: எழுதியதை, பேசியவரிடமே கொண்டுபோய் வாசித்துக் காட்ட வேண்டும். "ஆம், நான் நம்புவது இதுதான்" என்று அவர் சொல்லும்வரை நான் மதிப்பெண் இடமாட்டேன்.

ஒரு மாணவர் ஒரு முஸ்லிமிடம் நான்கு முறை போய்வந்தார். ரமலான் நோன்பு பாவத்துக்கான தண்டனை என்று அவர் எழுதியிருந்தார். குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 183-ஆம் வசனம் நோன்பின் நோக்கமாக இறையச்சத்தைத்தான் சொல்கிறது. எழுதியவர், பாவத்துக்கு வருந்தி கிறிஸ்தவர்கள் நோன்பிருக்கும் தம் தவக்காலத்தை அந்த மனிதரின் தலையில் ஏற்றிவிட்டார். நான்காம் முறை ஒப்புதலோடு திரும்பியவர், அன்று வகுப்பில் தவக்காலத்தைப் பற்றியே அதிகம் பேசினார். குழு அஞ்சிய தளர்ச்சியை நான் அவரிடம் காணவில்லை.

களப்பணிக்கு இன்னொரு கடமையும் சேர்த்தேன். போகும் ஊரில் பிற சமயத் தலைவர்கள் மூவரையாவது நேரில் அறிந்து, அவர்கள் தொலைபேசி எண்களைப் பெற்றிருக்க வேண்டும். வதந்தி பரவும் இரவில் அறிமுகம் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

இன்னும் தீராதது ஒன்று உண்டு. எங்கள் வகுப்புக்கு வருகிறவர்கள் எல்லோரும் பேச விரும்பியே வருகிறவர்கள். பேச மறுப்பவர்களை, நம் சபையிலேயே இருப்பவர்களையும் சேர்த்து, எப்படிச் சந்திப்பது என்பதைக் கற்பிக்க நான்கு வார வகுப்பு கேட்டுக் குழுவுக்கு எழுதியிருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் அது விவாதத்துக்கு வருகிறது.